மடியில் வைத்துக்கொண்டு போன மீன்

5 பிப். 1964, புதன். சிதம்பரம்.
பனி. எதிர்வீடு தெரியவில்லை. எட்டு மணிக்குப் பேராசிரியர் வீட்டில். கால் முறிந்து கட்டோடு படுக்கை. அவருக்குப் பதில் நான் கல்கத்தா போக வேண்டுமாம். வெள்ளிக்கிழமை, விமானத்தில். அங்கே மீன் பார்த்துச் சொல்லும் நிபுணர் சனி காலை கப்பல் ஏறுகிறார். ரயிலை நம்ப முடியாது.

கொண்டுபோக வேண்டியது ஒரே ஒரு மீன். பொங்கலுக்கு மறுநாள் கடலூரில் அக்கா வீட்டுக்காரர் ஏழுமலை மாமா வலையில் சிக்கியது. ஒரு சாண் நீளம். நெற்றியில் வளைந்த முள். தின்ன உதவாது என்று எறியப் போனார். நான் வாங்கிவந்து லேபில் மருந்துத் தண்ணீரில் போட்டேன். எந்தப் புத்தகத்திலும் இல்லை. எட்டு வருஷம் ஜாடி கழுவுகிறேன், இப்படி ஒன்று கைக்கு வந்ததில்லை.

"போட்டோவப் பாத்து நம்ப மாட்டார்யா. நேர்ல காட்டணும்" என்றார் பேராசிரியர்.

6 பிப். வியாழன்.
டிக்கெட்டோடு ஒரு அச்சடித்த தாள். இரண்டு தடவை படித்தேன்.
பெட்டி: இருபது கிலோ வரை.
கையில்: குடை, மேல்கோட்டு, படிக்கப் புத்தகம், குழந்தைக்குப் பால்.
கூடாது: ஸ்பிரிட், ஆசிட், மண்ணெண்ணெய், பட்டாசு. கசிவது. நாற்றமடிப்பது.
பேனாவில் உள்ள மையைக் கொட்டிவிடவும், மேலே போனால் ஒழுகும்.

மேல்கோட்டு இல்லை. என் ஜாடி கசியும், நாறும்.

மத்தியானம் மருந்தை வடித்தேன். கண் எரிச்சல். பழைய வேட்டியை நனைத்துப் பிழிந்து மீனைச் சுற்றினேன். பிளாஸ்டிக் பை இரண்டு, அதற்கு மேல் பிஸ்கட் டின். சில நாள் தாங்கும். உள்ளே பென்சிலில் எழுதிய சீட்டு: கடலூர் பழைய டவுன். பிடித்தவர் ஏழுமலை.

சாயங்கால ரயில். கடலூரில் அக்காவும் மாமாவும் பிளாட்பாரத்தில் நின்றார்கள். அக்கா, "இந்த முள்ளு மீனுக்கா இம்மாம் பாடு?" மாமா டின்னைத் தட்டிப் பார்த்தார். "ஏறும்போது அவுங்க கேட்டா என்னான்னு சொல்லுவ?" தெரியவில்லை என்றேன்.

7 பிப். வெள்ளி.
மீனம்பாக்கம். இஸ்திரி கலையாத ஆட்கள். என் முழங்காலில் ரயில் கரி. பெட்டி ஒன்பது கிலோ. கவுன்ட்டரில் இருந்தவர் டின்னைக் காட்டி, "இதுல என்ன?"

ரயிலில் வரும்போதே 'ஆராய்ச்சிப் பொருள்' என்று சொல்லிப் பழகியிருந்தேன். வாயில் வந்தது வேறு.

"மீனுங்க."

வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள். ஒரு அம்மாள் முந்தானையை மூக்குக்குக் கொண்டுபோனார். மூடியே திறக்கவில்லை.

"இதெல்லாம் ஏத்த முடியாது. விட்டுட்டுப் போங்க."

"அப்ப நானும் போகலீங்க." அதையும் நான்தான் சொன்னேன். காது சுட்டது.

உள்ளேயிருந்து வயதான அதிகாரி வந்தார். பேராசிரியர் கடிதத்தை நின்றபடி படித்தார். "மருந்து வாசனை வருதே. தண்ணி இருக்கா?"

"வடிச்சாச்சுங்க. ஈரத்துணிதான்."

டின்னைத் தலைகீழாகத் தன் வெள்ளைச் சட்டைக் கைக்கு மேலேயே பிடித்தார். ஒரு நிமிஷம் இருக்கும். ஒரு சொட்டும் இல்லை.

"பெட்டியோட போட்டா நசுங்கிடும். மடியில வெச்சுக்குங்க சார்."

சார் என்றார். விமானத்தில் தட்டில் மிட்டாய் நீட்டினார்கள். இரண்டு எடுத்தேன். கடல் தெரிந்தது. படகு தெரியவில்லை.

8 பிப். சனி. கல்கத்தா.
நேற்று சாயங்காலம் நிபுணர் வீடு. கட்டிய மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து லென்ஸ் வைத்துப் பார்த்தார். முக்கால் மணி நேரம். தூர தேசக் கடலில் உள்ள மீன்தானாம். நம் கரையில் கிடைத்ததாக யாரும் எழுதவில்லையாம். சீட்டைப் பார்த்துவிட்டு ஏழுமலை என்பதை எப்படி எழுதுவது என்று கேட்டார். இங்கிலீஷில் எழுத்துக்கூட்டிச் சொன்னேன். மீனை அவரே வைத்துக்கொண்டார்.
திரும்ப ரயில்.

12 பிப். புதன். கடலூர்.
வெயில். அக்கா மீன் விற்றுவிட்டு உச்சி நேரத்தில் நடந்து வந்தாள். கூடையை இறக்கவில்லை, நின்றபடியே கேட்டாள். எல்லாம் சொன்னேன். மாமா தன் பேர் எழுதிய இடத்தில் இரண்டு தடவை நிறுத்தச் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை.

"நான் கூடையோட நின்னா பஸ்ஸு நிக்காது. ஒன்ன மடியில வெச்சுக்கச் சொல்லி மிட்டாயும் குடுத்தானா?"

ஆமாம் என்றேன்.

"நல்லா இருக்கட்டும் அந்தாளு."

13 பிப். வியாழன்.
லீவு. காலையில் அக்காவோடு திருப்பாப்புலியூருக்கு, மீன் விற்க. நான் கூட இருந்தால் நிற்கும் என்று நினைத்தேன். நான் போட்டிருந்தது சலவைச் சட்டை, கால்சட்டை. கூடையில் மத்தி. மூன்று பஸ் போயின. மூன்றாவது மெதுவானது. கண்டக்டர் எட்டிப் பார்த்து, "நீங்க வேணா ஏறுங்க சார்" என்றார்.
நடந்தோம்.