இருபதுக்குப் பதினேழு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே வெயில். குடை வீண் சுமை. சப்பாத்து தைக்கக் கொடுக்க வேண்டும், மறந்தாயிற்று.

உரைபெயர்ப்பு டிப்ளோமா முடிகிறது; ஒருவர் சிங்களத்தில் பேசுவதை மற்றவருக்குத் தமிழில், தமிழைச் சிங்களத்தில் சொல்லும் படிப்பு. தேவகி மிஸ் கடைசிப் பாரத்தை, சுயமதிப்பீட்டுப் படிவத்தை, தந்தார். "உங்கட படிப்ப நீங்களே மதிப்பிடுங்கோ. என்ன படிச்சனீங்கள், எங்க பிழை விட்டனீங்கள், இருபதுக்கு எத்தனை புள்ளி. அடுத்த செவ்வாய்க்கிழமை தாங்கோ."

பஸ் ஏறுமுன்பே வகுப்புத் தோழி ரிஸ்வானா போன வருட மாணவி ஒருத்தியின் பாரத்தைப் போனில் அனுப்பிவிட்டாள். எல்லோரும் அதைப் பார்த்துத்தான் எழுதுவார்களாம். "பதினேழு போடு புள்ள. பதினெட்டு போட்டா பெரும புடிச்சவ என்டுவாங்க. பதினஞ்சு போட்டா ஒன்டும் படிக்கல்ல என்டுவாங்க."

மார்ச் 5, புதன்

முதல் கேள்வி முடிந்தது. "தன்னம்பிக்கை வளர்ந்தது." கையெழுத்து அழகு.

இரண்டாவது: எங்கே பிழை விட்டீர்கள்? பார்த்தெழுதும் பாரத்தில் "ஆரம்பத்தில் சற்றுப் பதற்றம்" என்றிருந்தது. "ஆரம்பத்தில்" வரை எழுதினேன். பேனா நின்றுவிட்டது.

போன வியாழன். ஓர் அரசாங்க அலுவலகத்தில் பயிற்சி. தெல்தோட்டைத் தோட்டத்திலிருந்து இந்திராணி அக்கா, மகனின் பிறப்புப் பதிவைத் திருத்த வந்திருந்தார். ஏன் இவ்வளவு தாமதம் என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். நான் தமிழில் கேட்டேன்.

"மூணு தடவ வந்தேம்மா. மூணு தடவையும் தமிழ் தெரிஞ்ச ஆள் இல்லன்னு திருப்பி அனுப்பிட்டாங்க."

அதிகாரி சற்று முன்புதான் என் சிங்களத்தைப் புகழ்ந்திருந்தார். 'நங்கி' என்று தங்கை முறை சொல்லிக் கூப்பிட்டார். அவர் முகம் சுருங்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை. "அவருக்கு வர நேரம் கிடைக்கவில்லையாம்" என்று சிங்களத்தில் சொன்னேன்.

கோப்பில் 'கவனக்குறைவு' என்று எழுதினார். தாமதத்துக்குச் சமாதான நீதவானிடம் உறுதிக் கடிதம் வாங்கி வரச் சொன்னார். என் பயிற்சித் தாளில் 'மிக நன்று' போட்டார்.

வாசலில் இந்திராணி அக்கா செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: "எனக்குச் சிங்களம் பேசத்தான் வராதும்மா. கேட்டா வெளங்கும்."

படி இறங்கிப் போய்விட்டார்.

மார்ச் 6, வியாழன்

அம்மாவிடம் சொன்னேன். ஹந்தானையில் இருபது வருடம் தேயிலைக் கொழுந்து பறித்தவள்.

"அந்தப் புள்ள ஒன்னயத் திட்டுச்சா?"

"இல்ல."

"திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்."

சோற்றில் உப்பில்லை. கேட்கத் துணிவில்லை.

மார்ச் 7, வெள்ளி

மிஸ்ஸிடம் சொல்லிவிட்டேன். வெட்கத்தில் காது சுட்டது.

"அதிகாரி மிக நன்று எண்டெல்லோ போட்டிருக்கிறார்?"

"அவருக்குத் தமிழ் தெரியாது மிஸ்."

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "இத எழுதினீரெண்டா விசேட சித்தி கிடையாது. தெரியுந்தானே?"

தெரியும். அந்தச் சித்தியை, அந்த உயர் தேர்ச்சியை, நம்பித்தான் வேலைக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன். ரிஸ்வானா என்னைப் பைத்தியம் என்கிறாள். இருக்கலாம்.

இந்திராணி அக்காவின் நம்பர் என் குறிப்புக் கொப்பியில். இரண்டு முறை அழைத்து, மணி அடிக்குமுன் வெட்டினேன். மூன்றாம் முறை எடுத்துவிட்டார். திங்கள் அலுவலகத்துக்கு வருகிறாராம்; நானும் வருவதாகச் சொன்னேன். கடிதம் இன்னும் வாங்கவில்லையாம்.

மார்ச் 10, திங்கள்

மழை. இன்றைக்குக் குடை இல்லை.

அதே மேசை. மறுபடி கேட்கும்படி வேண்டினேன்; அதிகாரி அதே கேள்வியைக் கேட்டார். அக்கா அதே பதிலைச் சொன்னார், நிறுத்தி நிறுத்தி, என் வாயையே பார்த்துக்கொண்டு. வகுப்பில் முதல் நாளே சொல்லித்தந்த விதி: பேசுபவர் 'நான்' என்றால் நீயும் 'நான்' என்று சொல். சிங்களத்தில் சொன்னேன். நான் மூன்று முறை வந்தேன். மூன்று முறையும் தமிழ் தெரிந்த ஆள் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள்.

"போன முறை இதைச் சொல்லவில்லையே?"

"அது என் பிழை, சேர்."

முகம் சுருங்கத்தான் செய்தது. நெடுநேரம் கோப்பைப் புரட்டினார். பிறகு 'கவனக்குறைவு' என்பதைக் கோடிட்டு அடித்தார். கடிதம் தேவையில்லையாம். எனக்கு இன்று தாளுமில்லை, நங்கியுமில்லை.

பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் நனைந்தபடி நின்றோம். பாரத்தைக் காட்டினேன். கடைசிக் கட்டம் மட்டும் வெறுமை.

"இருபதுக்கு எத்தன போடலாம் அக்கா?"

அக்கா யோசித்தார். "போன தடவைக்கா, இன்னிக்கா?"

தெல்தோட்டை பஸ் வந்துவிட்டது.