ஒரு தலையாட்டுக்கு வந்த சாடி

இன்று காலை அம்மா சாடித் தண்ணீர் கேட்டாள். பானைத் தண்ணீர் வேண்டாமாம். மொண்டு கொடுத்தேன். ஒரு மிடறு விழுங்கிவிட்டு, "சுடுது" என்றாள். சுடத்தான் செய்யும். இந்த வெயிலில் நம் மண்பானை உடம்பெல்லாம் வேர்த்து, அடியில் கிடக்கும் மணலை நனைத்துக்கொண்டு நிற்கிறது. பக்கத்தில் நீங்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்த சாடி காய்ந்த மேனியோடு உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் கண்ணை மூடி ஒரு கல்லறைத் திருநாளும் கழிந்துவிட்டது. அது இன்னும் ஒரு சொட்டு வேர்க்கவில்லை.

குடித்துவிட்டு அம்மா என்னிடம் ஒன்று கேட்டாள். அதை உங்களிடம் சொல்லத்தான் எழுதுகிறேன். கன்னியர் மடத்தில் மூன்றாம் வகுப்பு வரை படித்த எழுத்து, கோணலாகத்தான் இருக்கும். முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கே ஒழுங்காக வரும்.

கல்யாணமான புதிதில் நீங்கள் எதற்கும் தலையாட்டுவீர்கள். பினாங்குக் கப்பலில் சமையல் வேலை உங்களுக்கு. கரைக்கு வந்தால் யார் என்ன சொன்னாலும் ஒரு ஆட்டு. மீன் வாங்கி வரச் சொன்னாலும் ஆட்டு, கருவாடு போதும் என்றாலும் ஆட்டு. அம்மா என்னைக் கூப்பிட்டுச் சொல்லுவாள்: "ஏளா, ஒம் புருசன் கழுத்துல எலும்பு இருக்கா இல்லையா? பூம்பூம் மாடு தோத்துது போ." அதற்கும் நீங்கள் தலையாட்டினீர்கள். என் தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். அவன் சிரிப்பு கடற்கரை வரைக்கும் கேட்கும்.

அந்தத் தம்பிதான் மலாயாவில் ஒரு தோட்டத்துக் கடையில் வேலை என்று கப்பல் ஏறினான். ஜப்பான்காரன் அங்கே வந்துவிட்டான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள், அதில் இவனும் போனான் என்று தப்பி வந்த ஒருவர் வந்து சொன்னார். அதற்கப்புறம் சேதி இல்லை. கிழக்கேயிருந்து யார் வந்தாலும் அம்மா போய் நிற்பாள். "இடது புருவத்துல வெட்டுத் தழும்பு இருக்கும், பாத்தீரா அண்ணாச்சி?" என்று கேட்பாள்.

நீங்கள் பட்டாளத்தில் சமையற்காரராகச் சேர்ந்து பர்மா போனீர்கள். சண்டை முடிந்ததும் தோற்ற ஊரைக் காவல் காக்க ஜப்பானுக்கே அனுப்பினார்கள். ஒருநாள் மத்தியானம் கம்பளியில் எதையோ சுற்றிப் பிள்ளையைப் போல இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றீர்கள். நான் அழுதேன். அம்மா அழவில்லை.

"மாப்பிள, தம்பியப் பாத்தீரா?"

"பாக்கல அத்தை."

வாயால் சொன்னீர்கள். தலை அசையவில்லை. நான் அப்போதே கவனித்தேன். சாப்பிடுகிறீர்களா என்றாலும் "சாப்பிடுதேன்" என்றுதான் வந்தது. கழுத்தில் சுளுக்கோ என்று நினைத்தேன். தெருவில், "பட்டாளத்துக்குப் போயி கழுத்துல கம்பி வச்சிட்டு வந்துட்டாரு. இனிமே நம்மளயெல்லாம் குனிஞ்சு பாப்பாரா?" என்று கேலி பேசினார்கள்.

கம்பளியைப் பிரித்தீர்கள். ஈரச் செம்மண் நிறத்தில் ஒரு சாடி. பளபளப்பு கிடையாது, பூ கிடையாது. தோள் பக்கம் மட்டும் எள்ளைத் தெளித்தது போல மஞ்சள் புள்ளிகள். ஜப்பான் சாடி என்றதும் அம்மாவுக்கு வந்ததே கோபம்.

"எம் புள்ளையத் தின்னவன் ஊரு மண்ணு. இது இந்த வாசப்படி தாண்டுச்சு, நான் வெளிய போயிருவேன்."

நீங்கள் அதைக் கொண்டுபோய் முற்றத்துப் பூவரசு மரத்தடியில் வைத்தீர்கள். தண்ணீரும் ஊற்றினீர்கள். இரண்டு நாள் கழித்து அம்மா அதைத் தடவிப் பார்த்தாள்.

"வேர்க்கவே இல்லையே. பாதி வெந்ததக் கொண்டாந்திருக்கீரு."

"நல்லா வெந்ததுனாலதான் வேர்க்கல அத்தை."

"அவன் ஊருல பானைகூட அழாது போலுக்கு."

அதைச் செய்தவரை நீங்கள் வேளார் என்றே சொல்வீர்கள், நம் ஊர்க் குயவரைச் சொல்வது போல. முகாமுக்குப் பக்கத்து மலையடியில் அவருக்குச் சூளை. முகாமில் துணி வெளுத்த ஒரு ஜப்பான்காரி முன்பு சிங்கப்பூரில் இருந்தவள். கப்பலில் நீங்கள் கற்ற மலாயும் அவளுடைய மலாயும் ஒத்துப்போயிற்று. அவள் வழியாகத் தெரிந்துகொண்டதை வலை முடைகிற சாக்கில் எனக்குச் சொல்வீர்கள். அம்மா சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். காது மட்டும் இந்தப் பக்கம்.

வேளாரின் அப்பா காலத்தில் அந்த ஊரில் சாடிக்கு மதிப்பில்லையாம். சாக்கடைக் குழாய் சுட்டுத்தான் பிழைத்தார்களாம். வேளாரும் சின்ன வயதில் குழாய்தான் செய்திருக்கிறார். பிறகு மலையில் பழைய சூளை இடிந்து கிடந்த இடத்தில் பழைய சாடிகளின் உடைந்த ஓடு பொறுக்க ஆரம்பித்தார். அந்தக் காலத்து ஆட்கள் இந்த நிறத்தை எப்படிக் கொண்டுவந்தார்கள் என்று அவருக்கு ஒரே பைத்தியம். வயலுக்கடியில் கிடக்கும் கறுத்த களிமண்ணை எடுத்து, பைன் மர விறகு போட்டு, இராப்பகல் அணையாமல் நாள்கணக்கில் எரிப்பார்கள். பூச்சு எதுவும் கிடையாது. பறக்கிற சாம்பல் சாடியில் ஒட்டி உருகினால் அதுதான் நிறம். எத்தனையோ சூளை பாழாய்ப் போனது. பெண்டாட்டியின் பட்டுத்துணி ஒவ்வொன்றாக விற்று விறகு வாங்கினார்.

சுவர்ப் பக்கமிருந்து குரல் வந்தது: "பொண்டாட்டி சீலைய வித்தானாக்கும். நல்ல ஆம்பள."

நீங்கள் சிரித்தீர்கள். திரும்பி வந்த பிறகு நீங்கள் சிரித்தது அன்றைக்குத்தான்.

ஒருநாள் நிறம் வந்துவிட்டது. பட்டணத்துப் பணக்காரர்கள் தேடி வந்து வாங்கினார்கள், பத்திரிகையில் பேர் வந்தது. மூங்கில் குச்சியால் சாடியின் அடியில் தன் குறியைக் கீறுவார். மகன் வளர்ந்து கூடவே மண் மிதித்தான். பிறகு சண்டை வந்தது. குறி போடாதே, நம்பர் போடு என்றது சர்க்கார். மகனைப் பர்மாவுக்குக் கொண்டுபோனார்கள். கடைசியில் இரும்பு தீர்ந்து, மண்ணிலேயே கைக்குண்டு செய்யச் சொன்னார்கள். சாடி வனைந்த கை குண்டுக் கூடு வனைந்தது.

அம்மா எழுந்து உட்கார்ந்தாள். "யாரு மேல எறியதுக்கு?"

"எங்க மேலதான் அத்தை."

அம்மா திரும்பவும் படுத்துக்கொண்டாள். சண்டை நின்ற பிறகு வேளார் சூளையையே மூட்டவில்லை என்றீர்கள். அதோடு நிறுத்திக்கொண்டீர்கள். சாடி எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று நான் கேட்கும்போதெல்லாம் எழுந்து போய்விடுவீர்கள்.

அது தெரிந்தது தம்பியின் பிறந்தநாளன்று. அம்மா அவனுடைய பழைய சட்டையை எடுத்துவந்து உங்கள் முன்னால் போட்டாள்.

"மாப்பிள, நீரு பாக்கலைன்னே வச்சுக்கிடுவோம். எனக்காக ஒரு தடவ ஆமான்னு தலைய ஆட்டும். முன்னாடியெல்லாம் எதுக்குத்தான் ஆட்டல நீரு? ஒரு ஆட்டு ஆட்டுனா ஒமக்கு என்ன கொறஞ்சு போவும்?"

உங்கள் முகம் வெளுத்துவிட்டது. பிறகு சொன்னீர்கள்.

முதல்முதல் வேளாரைப் பார்த்தபோது உங்களுக்கு அவர் பேச்சு ஒன்றும் புரியவில்லை. மிச்சச் சோற்றைக் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அவர் ஒரு படத்தைக் காட்டி என்னென்னவோ கேட்டார். 'பிருமா, பிருமா' என்றது மட்டும் காதில் விழுந்தது. பர்மாவில் இருந்தாயா என்று கேட்கிறார் என நினைத்து நம் வழக்கப்படி நன்றாகத் தலையாட்டிவிட்டீர்கள். அவர் வீட்டுக்குள் ஓடினார். அவர் பெண்டாட்டியும் ஓடிவந்து உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வேளார் உள்ளேயிருந்து இந்தச் சாடியைக் கொண்டுவந்து நீட்டினார். மகன் மிதித்த மண்ணில், சண்டைக்கு முன்னால், தன் குறி கீறிச் செய்தது. சோற்றுக்குக் கைம்மாறு என்று நினைத்து வாங்கிக்கொண்டீர்கள்.

மறுநாள் வெளுக்கிறவள்தான் சொன்னாள். "பர்மாவுல எம் மகன உசுரோட பாத்தியான்னு கேட்டிருக்காரு. நீ ஆமான்னுட்டியாமே" என்று.

உண்மையைச் சொல்லிவிட அவளையும் கூட்டிக்கொண்டு போனீர்கள். மலையடியில் புகை. மகன் வரப்போகிறான் என்று வேளார் அதுவரை அணைந்து கிடந்த சூளையை மூட்டிவிட்டார். பையனின் துணியெல்லாம் துவைத்து மூங்கிலில் காயப் போட்டிருந்தது. வேளார் சட்டை முழுக்கக் கரியோடு விறகு தள்ளிக்கொண்டே உங்களைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார்.

"வெளுக்குதவ என் மூஞ்சியப் பாக்கா. நான் அவ மூஞ்சியப் பாக்கேன். வாய் வரல அத்தை. அந்த வாரமே கப்பல் ஏத்திட்டாங்க."

அம்மா அந்தச் சட்டையைத் தன் மடிக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அந்தப் பொம்பளைக்கு இன்னும் தெரியாதாக்கும்?"

"தெரியாது."

"அவளுக்காவது ஒரு தலையாட்டு கெடச்சுது."

சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனாள். சாடியை உடைக்கப் போகிறாள் என்று நான் பின்னாலேயே ஓடினேன். தண்ணீரோடு அப்படியே தூக்கிக்கொண்டு வந்து தன் பாய்க்குப் பக்கத்தில் வைத்தாள். ஏன் என்று சொல்லவில்லை. உங்களோடு அதற்குப் பிறகு அவள் பேசவும் இல்லை.

மறு மழைக்கு உங்களுக்கு மார்ச்சளி கட்டியது. குரல் போய்விட்டது. சாகக் கிடந்த உங்களுக்கு அவஸ்தைப் பூசுதலுக்கு எண்ணெயோடு வந்த சாமியார், பாவத்துக்கு மனம் வருந்துகிறாயா என்று கேட்டார். உங்கள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. "தலைய ஆட்டுனாப் போதும்ப்பா" என்றார். நீங்கள் ஆட்டவில்லை. கழுத்து நரம்பு புடைக்க, மூச்சை இழுத்து இழுத்து, "ஆமா சாமி" என்று வாயாலேயே சொன்னீர்கள். அந்த மூச்சை மிச்சம் பிடித்திருந்தால் இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருப்பீர்களோ என்று எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இப்போது அம்மா படுத்துவிட்டாள். கஞ்சி இறங்கவில்லை. கண் மட்டும் வாசலில். எதிர்வீட்டுக்காரி நேற்று என் காதில் ஓதினாள்: "ஒங்கம்மா தம்பியப் பத்திக் கேட்டா ஆமான்னு ஒரு ஆட்டு ஆட்டிரு தாயி. நிம்மதியாப் போவட்டும். சாமி கோவிச்சுக்கிடாது."

இன்று காலை, அந்தச் சுட்ட தண்ணீரைக் குடித்துவிட்டு, அம்மா கேட்டேவிட்டாள்.

"ஏளா, ஒம் புருசன் கண்ண மூடுததுக்கு முன்னால ஒங்கிட்டயாவது சொன்னாரா? தம்பியப் பாத்தேன்னு?"

என் தலை ஆடத்தான் பார்த்தது. ஒரு ஆட்டில் முடிந்துவிடும். அந்த நேரம் உங்கள் கழுத்து நரம்புதான் கண்ணுக்குள் வந்தது.

"இல்லம்மா. பாக்கலைன்னுதான் சொன்னாரு."

அவள் கண்ணை மூடினாள். போய்விட்டாள் என்றே பயந்துவிட்டேன். கொஞ்சம் கழித்து உதடு அசைந்தது.

"அப்ப, செத்ததையும் பாக்கலல்லா?"

அவளே மேலே சொன்னாள்:

"பொய்க்குத் தலையாட்டாத மனுசன்லா அவரு. பாக்கலைன்னா பாக்கலதான். அவ்வளவுதான். வாசக்கதவச் சாத்தாதளா. வருவான்லா?"

நீங்கள் பொய் சொல்லக் கூடாது என்று கழுத்தைக் கட்டிவைத்தீர்கள். அந்த நிஜத்தையே பிடித்துக்கொண்டு இவள் காத்துக் கிடக்கிறாள். அங்கே மலையடியில் வேளார் பெண்டாட்டி உங்கள் தலையாட்டைப் பிடித்துக்கொண்டு காத்துக் கிடப்பாள். இரண்டு பேரில் யாருக்கு நீங்கள் நல்லது செய்தீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரிந்திருக்காது. அதனால்தான் அப்படி மெலிந்து போனீர்கள்.

'வருவான்லா' என்றதற்கு ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. இன்னொரு செம்பு மொண்டு கொடுத்தேன். கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன். அனல் உள்ளே வீசுகிறது.

சாடியில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டது. எதிர்வீட்டுக்காரி தெருவிலிருந்து கூப்பிடுகிறாள், குழாயில் தண்ணீர் வந்துவிட்டதாம், வருகிறாயா என்று. திறந்த கதவு வழியாக என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு தலையசைப்புப் போதும் அவளுக்கு.

"வாரேன்" என்று வாயால் சொல்லிவிட்டுக் குடத்தை எடுக்கிறேன்.