கதவு திறக்கும் காட்சி

இயேசு மரி சூசை

பொன்மலை, திருச்சி
6-11-1978

அன்புள்ள அத்தானுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நான் சுகம். ரயில்வே பட்டறை வேலையை உதறிவிட்டு, சினிமாவில் கதை எழுதப் போகிறேன் என்று நீங்கள் மெட்ராஸ் போய் இரண்டு வருஷம் ஆகப்போகிறது. கிறிஸ்துமஸுக்காவது வருவீர்களா? போன தடவை மாதிரி கடைசி நேரத்தில் வர முடியாதென்று கார்டு போட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும்.

ஒரு விஷயம். சாயங்காலம் பட்டறைச் சங்கு ஊதி, சைக்கிள்கள் எல்லாம் போய் ரோடு வெறிச்சோடிய பிறகு, ஒரு சைக்கிள் மட்டும் நம் வாசலில் வந்து நிற்கிறது. மணி முழுதாக ஒரு தடவை, அரைகுறையாக ஒரு தடவை அடிக்கிறது. உங்கள் சைக்கிள் மணிதான் அப்படிச் சிக்கிக்கொள்ளும். அதுவோ பின்னறையில் பூட்டிக் கிடக்கிறது. ஜன்னல் வழியே பார்த்தால் ஹேண்டில்பாரும் அதன் மேல் ஒரு கையும் தெரிகிறது. நாலு நாளாக இப்படி. பயமாக இருக்கிறது, வாருங்கள்.

உங்கள்
பேட்ரிசியா


கோடம்பாக்கம்
11-11-1978

அன்பு பேட்ரிசியாவுக்கு,

அடடா, எவ்வளவு நல்ல காட்சி! டைரக்டரிடம் படித்துக் காட்டினேன்; சிகரெட்டை அணைத்துவிட்டுக் கேட்டார். எங்கள் படத்தில் ரீலுக்கு ஒரு சண்டை இருந்தும் ஒன்றும் மனதில் ஒட்டவில்லை. காரணம் உன் கடிதத்தில்தான் புரிந்தது. அடி விழுவதற்கு முன்னால் ஜனங்களைத் தவிக்க விட வேண்டும். கை மட்டும் தெரிகிற வரைக்கும்தான் பயம். அதனால் கதவைத் திறந்துவிடாதே. தினமும் என்ன கேட்கிறது என்று எழுது.

யாராவது பட்டறைக்காரர் கழன்ற செயினை மாட்ட நிற்பார். பயப்படாதே. கிறிஸ்துமஸ் சமயம் ஷூட்டிங். புது வருஷத்துக்கு வரப் பார்க்கிறேன்.

உன்
சகாயநாதன்


பொன்மலை
2-12-1978

அன்புள்ள அத்தானுக்கு,

நான் கதை எழுதவில்லை. இப்போது கதவைத் தட்டவும் செய்கிறது. நேற்று பக்கத்து வீட்டு வீரம்மாள் என்னைக் கடிந்துகொண்டாள். "ஏங்க டீச்சர், உங்க வீட்டுக்காரரு தினம் வாசல்லயே நின்னுட்டுப் போறாரே, திறக்கக் கூடாதா?" என்றாள். பின்னறைக்குப் போய்ப் பார்த்தேன். உங்கள் சைக்கிள் பூட்டியபடிதான் இருந்தது. சீட்டைத் தொட்டேன், சூடாக இருந்தது.

தவிக்க விடுவது உங்களுக்கு நன்றாக வரும். ஒரே ஒரு நாள் வந்து அந்தக் கதவை நீங்களே திறங்கள். அது போதும் எனக்கு.

உங்கள்
பேட்ரிசியா


கோடம்பாக்கம்
9-12-1978

அன்பு பேட்ரிசியாவுக்கு,

வீரம்மாள் வசனத்தை அப்படியே எடுத்துக்கொண்டோம். சீட்டின் சூடு என் மூளைக்கு எட்டியிருக்காது. ஆனால் டைரக்டர் சொல்வதும் நியாயம். காக்க வைத்துக்கொண்டே போனால் ஜனங்கள் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார்கள், கதவு ஒரு கட்டத்தில் திறந்தே ஆக வேண்டும். ஸ்ரீரங்கம் தாண்டிக் கொள்ளிடம் பாலத்தில் பெரிய சண்டை வைத்திருக்கிறோம். அதற்கு முன்னால் கதாநாயகியே தாழ்ப்பாளை எடுக்கிறாள். வெளியே யார்? நீயே யோசித்து எழுதேன். புது வருஷத்துக்கு முடியாது போலிருக்கிறது. ஈஸ்டருக்கு நிச்சயம்.

உன்
சகாயநாதன்


பொன்மலை
28-12-1978

சகாயநாதன் அவர்களுக்கு,

கேட்டீர்களே, எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் அன்று பட்டறை லீவு, சங்கு ஊதவில்லை. ஆனாலும் மணி அடித்தது. தாழ்ப்பாளை எடுத்தேன். சண்டை எதுவும் நடக்கவில்லை. வாசலில் நீங்கள்தான் நின்றீர்கள். இல்லை, அவர் நின்றார். "எத்தனை நாளா நிக்கிறேன், பேட்ரிசியா" என்றார்.

நகக்கண்ணில் பட்டறை கிரீஸ் இருந்தது. கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, கேக்கில் இருந்த முந்திரியைப் பொறுக்கி என் பக்கம் தள்ளினார், நீங்கள் செய்வது போலவே. மறுநாள் பூசைக்குச் சேர்ந்து போனோம். கோயிலில் யாரும் ஒரு மாதிரியாகப் பார்க்கவில்லை. எப்போது வந்தீர்கள் என்றுகூட அவரை யாரும் கேட்கவில்லை.

முதல் நாள் எனக்கு அவரைப் பார்த்துத்தான் பயம். இப்போது பயமெல்லாம் உங்களை நினைத்துத்தான். நீங்கள் வந்து கதவைத் தட்டினால் நான் என்ன செய்வேன்? ஈஸ்டருக்கு வர வேண்டாம்.

யாருக்கு எழுதுகிறாய் என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்கிறார். உறை மேல் விலாசத்தைத் தானே எழுதித் தருவதாகச் சொல்கிறார். அந்தக் கையெழுத்தை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேட்ரிசியா