உன் அம்மா கட்ட மறுக்கும் மாலை

கோச்சடை, மதுரை
4.12.2025

அன்பு மகள் ஆர்த்திகாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் உன் அம்மாவும் படுக்கையில் விழாமல் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அதை நலம் என்று கொண்டால் நாங்கள் நலமே. டப்ளினில் நீயும், அதே ஊரில் இருக்கும் மாப்பிள்ளை ராஜபாண்டியும் தை மாதம் கல்யாணத்தை வைத்துக்கொண்டு குளிரில் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாமல் இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லாமல் இதைக் கடிதமாக எழுதக் காரணம் உண்டு. நீ அழைக்கும்போதெல்லாம் கைபேசி உன் அம்மாவின் கையில் இருக்கிறது. நான் சொல்ல வேண்டியது அவளைப் பற்றியது. இதைக் கைப்பட எழுதி, படம் எடுத்து மின்னஞ்சலில் அனுப்புகிறேன்; தாள் தபாலில் பின்னால் வரும். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு யோசி, பாதியில் அழைத்துவிடாதே.

காளவாசலில் பூக்கடை திறந்த ஆவணி மாதத்தில் எல்லாம் ஒழுங்காகவே தொடங்கியது, நீயும் வீடியோவில் பார்த்தாய். மனைவி பெயரில் தொழில் என்பதால் நான் வேலை பார்க்கும் நில அளவை அலுவலகத்தில் முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன், உரிமம், வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு எதிலும் குறை வைக்கவில்லை. இடம் தேடி அலைந்தபோது என் பெயர் பீமாராவ் என்று சொன்னதும் இரண்டு கட்டட உரிமையாளர்கள் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்றுவரை யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். அதை அப்போது உனக்குச் சொல்லவில்லை. விடியுமுன் மாட்டுத்தாவணிச் சந்தைக்குப் போய்ப் பூ எடுத்து வருவது நான், பிறகு அலுவலகம். மாலையில் கடையில் நிற்பதும் நான். உன் அம்மா நீ சேர்த்துவிட்ட இணைய வகுப்பில் கற்றபடி பூச்செண்டும் மேடை அலங்காரமும் செய்ய, சோழவந்தானிலிருந்து வரும் வெள்ளைத்துரை மாலை கட்டுவான். முழம் போடும்போது உன் அம்மா கையை நீட்டி அளந்து, மேலே நாலு விரல் பூ விட்டு நறுக்குவாள். அளவு என்றால் அளவாக இருக்க வேண்டாமா என்று கேட்டேன். "பூவைப் போய் அளந்து வெட்டுனா மறுபடி எவ வருவா, நீங்க நிலத்தை மட்டும் அளங்க" என்றாள். அவள் சொன்னதுபோல் மறுபடியும் வந்தார்கள். அவள் பாட்டுக்குப் பேசிச் சிரித்துக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்து, என் முழங்கால் வலியைக்கூட நான் பெரிதாக எண்ணவில்லை.

ஐப்பசியில் கோச்சடை மண்டபத்தில் ஒரு திருமணம், எங்களுக்குக் கிடைத்த முதல் பெரிய வேலை. மேடை, வாசல் வளைவு, கார், மணமக்கள் மாலை எல்லாமே நம் கடைதான். மணமாலை இரண்டையும் வெள்ளைத்துரையிடம் விடாமல் உன் அம்மாவே கட்டினாள், சம்பங்கியும் சிவப்பு ரோஜாவும் இடையில் மரிக்கொழுந்தும் வைத்து, பார்க்க அழகாகத்தான் இருந்தது. மாலைகள் மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, முகூர்த்தத்துக்குச் சற்று முன்பு, வேறொரு பெண் பதிவுத் திருமணச் சான்றிதழுடன் வந்து நின்றாள். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே திருமணம் ஆகியிருந்தது. கல்யாணம் நின்றுவிட்டது. இதில் நம் பூவுக்கு என்ன பங்கு என்று எந்த மனிதனும் கேட்பான். ஆனால் மணப்பெண்ணின் மாமா சின்னச்சாமி என்பவர் அன்றே முற்பகலில், சந்தே கூடி நிற்கும் நேரத்தில், அந்த இரண்டு மாலைகளையும் கொண்டுவந்து நம் கடை ஷட்டரின் கொக்கியில் மாட்டினார். "இது எங்க வீட்டு வாசல்ல கிடக்கக் கூடாதும்மா, உங்க கையால கட்டுனது, நீங்களே வச்சுக்கங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் கோபமாகக்கூடப் பேசவில்லை, அதுதான் உன் அம்மாவை அதிகமாகத் தைத்தது. நின்றுபோன கல்யாணத்தின் மாலையை இறக்கி வைக்கக்கூட வெள்ளைத்துரை வரவில்லை. "அக்கா, வேற என்ன வேலைன்னாலும் சொல்லுங்க, செய்யுறேன். இதை மட்டும் தொடச் சொல்லாதீங்க, எனக்கும் பிள்ளைகுட்டி இருக்கு" என்றான். அவளே இறக்கினாள். என் வண்டியில் பின்னால் உட்கார்ந்து மடியில் இரண்டு மாலைகளையும் வைத்துக்கொண்டு வந்தாள், நம் வீட்டுக்குப் பின்னால் வைகையில் ஓடிய தண்ணீரில் விட்டுவிட்டுத் திரும்பினோம்.

அதன் பிறகு அந்தக் கடை மாலை ராசியில்லை என்ற பேச்சு வந்தது. ராசி என்று சொல்கிறவர்களில் சிலர் மனத்தில் வேறொன்றும் இருக்கிறது. நமக்குக் கடை கொடுக்க யோசித்தவர்களுக்கு இருந்த அதே காரணம்தான். அது எனக்குப் புதிதல்ல. உன் தாத்தா அழகுமலை பிறர் தோட்டத்தில் கூலிக்குப் பறித்த பூவை எல்லோரும்தான் சூடினார்கள். ஆனால் பேச்சைப் பேச்சாக விட்டுவிட முடியாமல், ஒரு தவறான செய்திக்கு முறையான மறுப்பு வெளியிடுவதே சரி என்று எண்ணி, ஃபிளெக்ஸ் ஒன்று அச்சடித்துக் கடை வாசலில் கட்டினேன். கோச்சடை மண்டபத்தில் நடைபெறவிருந்த திருமணம் நின்றதற்கும் எமது நிறுவனத்தின் மாலைகளுக்கும் எவ்விதத் தொடர்பும் இல்லை என்பதைப் பொதுமக்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறோம் என்பது அதன் வாசகம். பிழையில்லாத வாசகம்தான். பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் முகைதீன் பிச்சை வந்து நின்று முழுவதையும் படித்தார். "சாரு, இம்புட்டு நாளும் இந்தச் சந்துல இருக்குறவனுக்கு மட்டும்தான் தெரியும். இப்ப திருமங்கலம் பஸ்ஸுல போறவனுக்கும் சேத்துல்ல சொல்லிட்டீங்க" என்றார். அன்று மாலையே உன் அம்மா அதை அவிழ்த்துவிட்டாள். இப்போது அந்த ஃபிளெக்ஸ் எழுத்து உள்பக்கமாக மடிந்து சம்பங்கி வாளிக்கு மூடியாக இருக்கிறது.

வந்திருந்த கல்யாண வேலைகள் ஒவ்வொன்றாக விலகிப்போயின. கடைசியில் உன் அத்தை ஒச்சம்மாளும் வந்தாள். என் உடன்பிறந்தவள், இந்தக் கடையில் முதல் நாள் முதல் முழம் வாங்கியவள். கார்த்திகையில் அவள் மகனுக்குக் கல்யாணம் முடிந்தது உனக்குத் தெரியும். மாலை நம் கடையிலிருந்து போகவில்லை என்பது தெரியாது. "தப்பா எடுத்துக்காத மதினி, எனக்கு ஒண்ணும் இல்ல, பொண்ணு வீட்டுக்காரங்க ஒருமாதிரி நினைக்கிறாங்க" என்று உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். உன் அம்மா சரி என்று காபி போட்டுக் கொடுத்து அனுப்பினாள். நான்தான் தங்கையிடம் பேசக்கூடாததைப் பேசிவிட்டேன், அதைப் பிறகு சரிசெய்துகொள்ளலாம், நீ அதில் தலையிட வேண்டாம். இப்போது கடைக்குத் தயங்காமல் வருகிறவர்கள் சாவுக்கு மாலை வாங்குகிறவர்கள் மட்டுமே. இறந்தவருக்கு ராசி பார்ப்பதில்லை அல்லவா. உன் அம்மா அதையும் குறையில்லாமல் கட்டிக் கொடுக்கிறாள், ஆனால் சிரித்துப் பேசுவதில்லை; முழம் போடும்போது இப்போதெல்லாம் மேலே விடும் நாலு விரல் எட்டு விரலாகிவிட்டது, யாரையோ சமாதானப்படுத்துவதுபோல.

போன வாரம் ஒன்று நடந்தது. அந்த மணப்பெண், பெயர் தமிழ்வாணி, காளவாசலில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாளாம், நேராக நம் கடைக்கு வந்து தலைக்கு மல்லிகை கேட்டாள். பனியில் வரத்து குறைந்து விலை ஏறியிருக்கிறது, அதைக்கூடக் கேட்காமல் வாங்கி அங்கேயே வைத்துக்கொண்டாள். பிறகு, "அக்கா, அந்த மாலை மட்டும் என் கழுத்துல விழுந்திருந்தா நான் இன்னைக்குக் கோர்ட்டு வாசல்ல நின்னுக்கிட்டு இருப்பேன். என்னைக் கேட்டா உங்க கைதான் ராசியான கை. மாமாவுக்குத்தான் அது புரியல" என்று சிரித்தாள். வெள்ளைத்துரைகூட நிமிர்ந்து பார்த்தான். நான் மனத்துக்குள் இத்தோடு இது முடிந்தது என்று நினைத்தேன், உன் அம்மாவும் அந்தப் பெண்ணின் கன்னத்தைத் தொட்டு அனுப்பினாள். ஆனால் கடை சாத்தும்போது என்னிடம், தை மாதம் நம் பிள்ளைக்கு மாலை வேறு கடையில் சொல்லிவிடுங்கள் என்றாள். நான் எல்லா நியாயமும் சொன்னேன். தமிழ்வாணி சொன்னதையே திருப்பிச் சொன்னேன். அவள் பூட்டைத் தொங்கவிட்டுக்கொண்டே, "எனக்கும் தெரியுங்க, அம்புட்டும் பொய்யின்னு தெரியும். அடுத்தவ பிள்ளைக்குன்னா தைரியமாக் கட்டுவேன். என் பிள்ளைய வச்சுச் சோதிச்சுப் பாக்க முடியாது" என்றாள். ஒரு நம்பிக்கை தவறு என்று நிரூபித்துவிட்டால் அது போய்விடும் என்றே இத்தனை நாள் எண்ணியிருந்தேன். தவறு என்று தெரிந்தே ஒருத்தி பயப்படும்போது நான் எதை நிரூபிப்பது.

நம் வீட்டுத் திருமணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. பெரியவர்கள் முன்னால் நீங்கள் மாலை மாற்றிக்கொள்வீர்கள், பதிவேட்டில் கையெழுத்திடுவீர்கள், அவ்வளவுதான் சடங்கு. அந்த ஒரு மாலையும் வேறு கடையிலிருந்து வந்தால், ஊர் சொன்னது சரி என்று உன் அம்மாவே கையெழுத்துப் போட்டதாக ஆகும். அதன் பிறகு அவள் அந்த ஷட்டரைத் திறப்பாள் என்று எனக்குத் தோன்றவில்லை. வேறு கடைக்குச் சொல்லியாயிற்றா என்று அவள் கேட்கிறாள், சொல்கிறேன் என்கிறேன். ஒப்புக்கொண்ட வேலையை மறுநாளுக்குத் தள்ளாத நான், இதை மட்டும் தள்ளிக்கொண்டே வருகிறேன். எனக்குக் களைப்பாக இருக்கிறது, ஆர்த்திகா. ஊரோடு வாதாடலாம், வீட்டில் எதிரே உட்கார்ந்து வாழைநார் கிழிக்கிறவளோடு வாதாட முடியவில்லை.

ஆகவே நீ செய்ய வேண்டியது இது. ஞாயிற்றுக்கிழமை அழைக்கும்போது மூடநம்பிக்கை பற்றி அவளிடம் பேசாதே, அதை நான் வேண்டிய அளவு பேசிவிட்டேன், நீயும் பேசினால் நான் எழுதியது தெரிந்துவிடும். கட்டித் தருவாயா என்றும் கேட்காதே, கேட்டால் மாட்டேன் என்றுதான் வரும். கடைக்கு வருகிறவர்கள் சொல்வதுபோல் சொல். என்ன பூ வேண்டும், என்ன நிறம், உன் சேலைக்கு எது பொருந்தும், மாப்பிள்ளைக்குக் கனமாக வேண்டுமா மெல்லியதாக வேண்டுமா என்று நீ பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போ. மரிக்கொழுந்து வேண்டும் என்று மறக்காமல் சொல், அன்று வைத்த அதே மரிக்கொழுந்து. அவள் கொஞ்ச நேரம் பேசமாட்டாள், இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே, காத்திரு. மாலை முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது என்பதால் பெண்ணின் உயரம் கேட்பது அவள் வழக்கம். உன் உயரம் அவளுக்குத் தெரியும். இருந்தாலும், கட்டுவது என்று மனம் வந்துவிட்டால், கேட்பாள். கேட்டால் சொல்.

கம்பளிச் சட்டை இல்லாமல் இரவுப் பணிக்குப் போகாதே, விடுப்புக்கு இப்போதே எழுத்து மூலம் விண்ணப்பித்து ஒப்புதலைக் கையில் வாங்கி வைத்துக்கொள், வாய்வார்த்தையை நம்பாதே. மாப்பிள்ளைக்கு என் அன்பு. நீங்கள் இருவரும் யாருக்கும் அஞ்சாமல், ஒருவரை ஒருவர் குறைத்துப் பேசாமல் நெடுநாள் வாழ வேண்டும் என்று உன் அம்மாவின் சார்பிலும் வாழ்த்துகிறேன். படித்ததும் மின்னஞ்சலை அழித்துவிடு.

இப்படிக்கு,
உன் அப்பா,
அ. பீமாராவ்