கால் கரண்டிக்கு அப்புறம் ரெண்டு மணி நேரம்

பொத்தான்,

இன்னிக்குக் காலையில பதினொண்ணு நாப்பத்திரெண்டுக்கு உன் பெரியம்மாகிட்ட இருந்து செய்தி வந்துச்சு. அந்த நிமிஷம் வரைக்கும் நான் இங்க நல்லாத்தான் இருந்தேன், நீயும் அங்க நல்லாத்தான் இருந்திருப்ப. இப்ப மணி பதினொண்ணு அம்பது. நான் நலமான்னு எழுதுறதை ஒன்றரை மணிக்கு மேல வெச்சுக்கறேன், நீ நலமான்னு தெரிஞ்சதுக்கு அப்புறம்.

இதை உனக்கு உன் பெரியம்மாதான் படிச்சுக் காட்டுவாங்க, நீயும் எப்பவும்போல மடியில உக்காந்து தாளோட மூலையைக் கிழிச்சு வாயில போட்டுக்குவ. தாளைத் தின்னா ஒண்ணும் ஆகாதாம், அதையும் விசாரிச்சு வெச்சிருக்கேன். போன கடிதத்துல ரெண்டு பத்தியை அவங்க படிக்காம தாண்டிட்டாங்கன்னு உன் பெரியப்பா உளறிட்டார். அதனால முன்னாடியே சொல்லிடறேன், இந்தத் தடவை ஒரு வரியையும் முழுங்கக் கூடாது. அவங்களைப் பத்தி எழுதியிருக்கறதையும் அவங்க வாயாலயே படிக்கணும். ரெண்டேகால் வயசுல உனக்குப் புரியாது. அவங்களுக்குப் புரியும், அது போதும்.

செய்தி என்னன்னா, உனக்குப் பதினொண்ணரைக்கு பீனட் பட்டர், அதான் அரைச்ச கடலை, கொடுத்திருக்காங்க. கேட்டுட்டு இல்ல, கொடுத்துட்டுச் சொல்றாங்க. ரெண்டு போட்டோ வேற. முதல் போட்டோவுல நீ உயர நாற்காலியில உக்காந்திருக்க, வாயைச் சுத்தி பழுப்பா ஒட்டியிருக்கு, பெரிய சாதனை பண்ணின மாதிரி சிரிக்கிற. ரெண்டாவது போட்டோவுல நான் எழுதி அனுப்பி அவங்க பிரிட்ஜ் கதவுல ஒட்டி வெச்சிருக்கற தாள். பதினாலு வரி அதுல. குழந்தைக்குச் சளி காய்ச்சல் இருக்கக் கூடாது, காலையில கொடுக்கணும், அன்னிக்கு வேற புதுச் சாப்பாடு எதுவும் கூடாது, கட்டியா கொடுத்தா தொண்டையில ஒட்டிக்கும், அதனால வெந்நீர்ல கரைச்சு இளக்கணும், முதல்ல கால் கரண்டி, பத்து நிமிஷம் பொறுத்து மீதி, அப்புறம் ரெண்டு மணி நேரம் கண்ணை எடுக்காம பார்க்கணும். இன்னும் முடியாத அந்த ரெண்டு மணி நேரத்துக்கும் சேர்த்துப் பதிமூணு வரிக்குத் தன் தையல் கடை சாக்பீஸால டிக் போட்டிருக்காங்க. மேல இருக்கற முதல் வரிக்கு மட்டும் இல்ல. அதுல என்ன எழுதியிருக்குன்னு இப்ப உனக்குப் படிச்சுக் காட்டச் சொல்லு. குழந்தையோட அப்பா பக்கத்துல இருக்கணும்னு எழுதியிருக்கு.

அவ்வளவு ஒழுங்கா மத்ததையெல்லாம் பண்ணத் தெரிஞ்சவங்களுக்கு அது ஒண்ணுதான் தேவைப்படல. பேன்ட் உயரம் குறைக்க வர்றவன்கிட்டக்கூட ரெண்டு தடவை கேட்டுட்டுத்தான் கத்தரி வைப்பாங்க உன் பெரியம்மா. என்கிட்ட ஒரு தடவை கேட்கல.

நீ வளர்ந்து இதைப் பார்த்தா, ஒரு கரண்டி கடலைக்கா இந்த மனுஷன் இவ்வளவு ஆடினான்னு நினைப்ப. உனக்கு ஆறு மாசத்துல முழங்கை மடிப்புல அரிப்புப் படை இருந்துச்சு. ஏழாம் மாசம் முட்டை ஊட்டினப்ப தாடையில சிவப்பா நாலு தடிப்பு, அரை மணி நேரத்துல போயிடுச்சு. உன் டாக்டரம்மா பார்த்துட்டு, இது லேசான அலர்ஜிதான், கடலையும் ஒத்துக்காதோன்னு பயந்து அதைத் தள்ளிப் போடாதீங்க, தள்ளிப் போடறதுதான் ஆபத்து, வீட்லயே கொடுங்கன்னு சொன்னாங்க. உங்கம்மா தலையாட்டினா. நான் மட்டும், ஒருவேளை மூச்சு அடைச்சா எத்தனை நிமிஷம் இருக்கும்னு கேட்டேன். அதுக்கு அந்தம்மா சொன்ன பதில் எனக்கு ஞாபகமே இல்ல, கேள்வி மட்டும் இருக்கு.

என் வேலை என்னன்னு உனக்குத் தெரியாது. ஆலைக்குள்ள குழாயில வாயு கசிஞ்சா கத்துற கருவிகள் இருக்கு, அதைச் சரி பார்க்கறவன் நான். சின்ன சிலிண்டர்ல அளந்த வாயுவை எடுத்துட்டுப் போய் கருவி மூக்குல கொஞ்சூண்டு காட்டுவேன். கத்தணும். கத்தினா நல்ல கருவி, கையெழுத்துப் போட்டுட்டு அடுத்ததுக்குப் போவேன். கத்தலைன்னாதான் பயம். பத்து வருஷமா இதையே பண்ணினவனுக்குச் சத்தம் வராததை நல்ல செய்தியா எடுத்துக்க வரமாட்டேங்குது. உன் பெரியம்மா ஒண்ணும் ஆகலை, ஒண்ணும் ஆகலைன்னு ரெண்டு தடவை எழுதியிருக்காங்க. அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு நிமிஷம், வழியில ரெண்டு சிக்னல். அதை அவங்க கணக்குப் பண்ணியிருக்க மாட்டாங்க.

மணி பன்னிரெண்டே கால். நாப்பத்தஞ்சு நிமிஷம் ஆச்சு. ஷிப்ட் சூப்பர்வைசர் பட்டறைக் கதவுல தலையை நீட்டி, உள்ள மூணாம் நம்பர் டேங்க் பக்கத்துக் கருவி சோதனைக்குக் கத்த மாட்டேங்குது, இன்னிக்கு வேற ஆள் இல்ல, உள்ள வர்றியா இல்ல இன்னும் விரதமான்னு கேட்டுட்டுப் போனார். ஆலை கேட்டுக்கு உள்ள போகணும்னா போனை அணைச்சு லாக்கர்ல வைக்கணும், பொறி பட்டா எரியற இடம். அதனாலதான் பதினஞ்சு மாசமா நான் உள்ள போறதில்ல, வெளியில இந்தப் பட்டறையிலயே மேஜை வேலை கேட்டு வாங்கிக்கிட்டேன். போனை மேஜை மேல என் கண்ணு முன்னாடி வெச்சிருக்கேன். தூங்கும்போது தலைமாட்டுல, குளிக்கும்போது பாத்ரூம் அலமாரியில, சார்ஜ் பாதிக்குக் கீழ இறங்க விட்டதில்ல.

ஏன்னு உன் பெரியம்மாவுக்குத் தெரியும். உனக்கு ஒரு வயசு ஆகறதுக்குப் பத்து நாள் முன்னாடி உங்கம்மா உன்னைத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போனா, ஒரு வாரம் இருந்துட்டு வர்றேன்னு. நாலாம் நாள் தையல் கடையில ஸ்டூல்ல உக்காந்து பட்டன் தைச்சுட்டிருந்தவ, தலை வலிக்குதுக்கான்னு சொல்லிட்டுச் சாஞ்சவதான். தலைக்குள்ள ரத்தக்குழாய் வெடிச்சிடுச்சு. நான் அப்ப உள்ள இருந்தேன். லாக்கரைத் திறந்தப்ப பதினேழு தடவை கூப்பிட்டிருந்தாங்க உன் பெரியம்மா. நான் வந்து சேர்ந்ததும் ஆறுதலா ஒரு வார்த்தை சொல்லல, பதினேழு தடவை கூப்பிட்டேன் தம்பின்னு சொன்னாங்க. காரியம் முடிஞ்சு கிளம்பும்போதும் அதையே சொன்னாங்க. நீ அங்கேயே தங்கிட்ட. எனக்கு ஷிப்ட் வேலை, குழந்தையைத் தனியா எப்படிப் பார்த்துப்பேன்னு எல்லாரும் பேசி முடிவு பண்ணினாங்க, நான் ஒரு ஓரமா நின்னு கேட்டுட்டிருந்தேன்.

மணி பன்னிரெண்டு முப்பத்தஞ்சு. இப்ப குரல்ல ஒரு செய்தி அனுப்பியிருக்காங்க. நான் இன்னும் பதில் அனுப்பாததால கோபம். தம்பி, நீங்க வர்றேன் வர்றேன்னு நாலு தடவை லீவைத் தள்ளிப் போட்டீங்க, உங்களுக்குத் தைரியம் வர்ற வரைக்கும் குழந்தை வாயைப் பொத்திட்டு உக்காந்திருக்கணுமா, நாளைக்கு எவனாவது பார்க்குல ஒரு பிஸ்கட்டை நீட்டினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டிருக்காங்க. அதோட நிறுத்தியிருக்கலாம். நிறுத்தல. இன்னொண்ணும் சொல்லணும், தங்கச்சி உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னா, அதனால இத்தனை நாள் சொல்லல, குழந்தைக்கு இது புதுசே இல்ல, பத்து மாசத்துலயே அவ மூணு தடவை கொடுத்திருக்கான்னு சொல்லியிருக்காங்க.

நான் அதை நாலு தடவை போட்டுக் கேட்டேன். ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சுல உன்னை மடியில வெச்சுக்கிட்டு, நான் காலை ஷிப்டுக்குப் போன பிறகு மூணு நாள் கொடுத்திருக்கா. ஒவ்வொரு தடவையும் ரெண்டு மணி நேரம் அங்கேயே உக்காந்துட்டு வீட்டுக்கு நடந்து வந்திருக்கா. சாயங்காலம் நான் வந்து இன்னிக்கு என்ன பண்ணினீங்கன்னு கேட்டா, வெயில்ல சும்மா நடந்தோம்னு சொல்லியிருக்கா. அக்காகிட்ட மட்டும், அவரைப் பக்கத்துல வெச்சுக் கொடுத்தா குழந்தைக்கு வர்றதுக்கு முன்னாடி அவருக்குத் தடிச்சிடும்னு சொல்லிச் சிரிச்சாளாம். உன் பெரியம்மாவும் அதைச் சொல்லும்போது சிரிக்கிறாங்க, அப்புறம் மூக்கை உறிஞ்சறாங்க.

சிரிக்கட்டும். பதினேழு மாசத்துக்கு முன்னாடி எடுத்த அளவு இன்னிக்குச் செல்லாது, நடுவுல விட்டுட்டா பழைய கையெழுத்தை நம்பக் கூடாது, இதை எங்க பட்டறையில புதுசா சேர்ந்தவன்கூடச் சொல்லுவான். ஆனா நான் இப்ப சண்டை போட வேண்டியது உன் பெரியம்மாகூட இல்ல. யார்கூடப் போடணுமோ அவ இல்ல. என்னை அவ்வளவு கோழைன்னு நினைச்சியா, எனக்குத் தெரியாம என் பிள்ளைக்குக் கொடுத்தியான்னு கத்தணும்போல இருக்கு. கத்தினா ஆமான்னு சொல்லிட்டுத் துணி மடிக்கப் போயிடுவா, அவளை எனக்குத் தெரியும்.

மணி ஒண்ணு. நீ தூங்கிட்டியாம். எனக்கு அது பிடிக்கல. உதட்டு நிறம் பாருங்க, மூச்சு பாருங்கன்னு அனுப்பினேன். பதில் எழுதாம இருபது நொடி வீடியோ அனுப்பினாங்க, உன் நெஞ்சு மட்டும் தெரியுது, பனியன்ல ஒரு யானை. யானை எட்டு தடவை ஏறி இறங்குச்சு. நிமிஷத்துக்கு இருபத்திநாலு. சரியான அளவுதான். இதை மட்டும் நான் கேட்ட மாதிரியே செஞ்சாங்க, அதையும் எழுதிடறேன், நாளைக்கு எழுதலைன்னு சொல்ல வேண்டாம்.

வீட்டுச் செய்தின்னு ஒண்ணுதான் இருக்கு. உங்கம்மா போனதுக்கு அப்புறம் சமையல் அலமாரியில திறந்த பீனட் பட்டர் பாட்டில் ஒண்ணு கிடந்துச்சு. நின்னுக்கிட்டே ரொட்டியில தடவித் தின்னிருப்பான்னு நினைச்சேன். தூக்கிப் போட மனசு வரல. தேதி முடிஞ்சு எண்ணெய் மேல மிதக்குது, அப்படியே வெச்சிருக்கேன். தினமும் காபித்தூளை எடுக்கும்போது அதைத் தள்ளி வெச்சுட்டுத்தான் எடுக்கணும். ஓரத்துல மூணு குழி. பெரியவங்க ரொட்டிக்கு எடுத்தா கத்தியால வழிச்ச கோடு இருக்கும். இது கரண்டி நுனி அளவுக்குச் சின்னச் சின்னக் குழி, உன் கரண்டி. அளக்கறதுதான் என் பிழைப்பு, பதினஞ்சு மாசமா அதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன், எனக்குத் தெரியல.

மணி ஒண்ணு முப்பது. போன் அடிக்கல. ஒண்ணு முப்பத்தஞ்சு வரைக்கும் பொறுத்தேன். அடிக்கல.

இனிமே விடக் கூடாது. ஒரு தடவை கொடுத்துட்டு பாட்டிலை மூடி வெச்சுட்டா பண்ணினதெல்லாம் வீண், வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை தொடர்ந்து கொடுக்கணும், நீர்க்கக் கரைச்சுத்தான், முழுக் கடலையை மட்டும் இப்ப கொடுக்கவே கூடாது. இதைச் சாக்பீஸால தாள்ல பதினஞ்சாவது வரியா எழுதிக்கச் சொல்லு. முதல் வரியை அழிக்க வேண்டாம். இருபதாம் தேதி நான் வர்றேன். அஞ்சாவது தடவைன்னு உன் பெரியம்மா சொல்லுவாங்க, சொல்லட்டும். அன்னிக்குக் கரண்டி என் கையில இருக்கணும். என்கிட்ட இருந்து நன்றி எதுவும் எதிர்பார்க்க வேண்டாம்னும் படிச்சுக் காட்டட்டும்.

நீ நல்லா வளரணும். எதைத் தின்னாலும் உன் உடம்புல ஒட்டணும், பல்லெல்லாம் வரிசையா முளைக்கணும், உங்கம்மா மாதிரி பயமில்லாம இருக்கணும், ஆனா என்கிட்ட மறைக்காம இருக்கணும். ராத்திரி வாய் துடைக்காம தூங்க வைக்க வேண்டாம். நான் நல்லாத்தான் இருக்கேன், இப்ப எழுதலாம்.

இப்படிக்கு,
முதல் வரியில எழுதியிருக்கற
உன் அப்பா

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தைக் கேட்டுக்குப் பக்கத்துல இருக்கற தபால் பெட்டியில போட்டுட்டு மூணாம் நம்பர் டேங்குக்குப் போறேன், அந்தக் கருவி ஏன் கத்தலைன்னு பார்க்கணும். ஷிப்ட் முடியற வரைக்கும் உன் பெரியம்மா பதினேழு தடவை கூப்பிட்டாலும் நான் கிடைக்க மாட்டேன். போனை அணைச்சுட்டேன்.