ஆளை விட்டு ஊரைக் கேட்டவன்

அன்புள்ள சின்னவளுக்கு,

அப்பா எழுதுகிறேன். உறையின் மேல் கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், தெரிந்ததும் பிரிக்காமல் எங்காவது செருகி வைத்திருப்பாயோ என்னவோ, அப்படி வைத்திருந்தால் கோபம் ஆறிய பிறகாவது எடுத்துப் படி. நானும் உன் அம்மாவும் வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்கு மாத்திரை போட்டுக்கொண்டு, உடம்பளவில் சௌக்கியமாகத்தான் இருக்கிறோம். நீ சௌக்கியம்தானா என்று நான் கேட்டு எத்தனை வருஷமாகிறது, ஞாயிற்றுக்கிழமை நீ அம்மாவோடு பேசி முடித்து அவள் போனை வைத்த பிறகு அவளிடம்தான் கேட்டுக்கொள்வேன், "நல்லா இருக்கா" என்பாள், அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அம்மாவுக்கு வலது கண்ணில் புரை எடுத்தாகிவிட்டது, இப்போது மாடிப்படியில் கிடக்கும் தூசி எல்லாம் தெரிகிறது, என் பாடு திண்டாட்டம். உன் அண்ணன் வீடு மாறியிருக்கிறான், லிஃப்ட் உள்ள கட்டடம், எங்களை வரச் சொல்லிக்கொண்டிருக்கிறான். எனக்கு முழங்கால் பழையபடிதான். இதெல்லாம் அம்மாவே சொல்லியிருப்பாள். அவள் சொல்லாத ஒன்றைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன், போனில் சொன்னால் பாதியில் இருமல் வந்ததாகச் சாக்குச் சொல்லி வைத்துவிடுவேன், என்னை எனக்குத் தெரியும். எனக்கு வெட்கமாக இருக்கிறது சின்னவளே, ஒரு மாதமாகத் தூக்கத்தைக் கெடுக்கிற வெட்கம்.

நம் தெருமுனை டயர் கடைக்கு மேலே காலியாகக் கிடந்த மாடியில் ஆறு மாதத்துக்கு முன் ஒரு பள்ளி வந்தது, பிரேசிலியன் ஜியு-ஜிட்சு என்று பெரிய எழுத்தில் பலகை, கீழே மல்யுத்தம் போலத் தரையில் பிடித்துப் புரளும் தற்காப்புக் கலை என்று சின்ன எழுத்தில். அதைப் படித்த நாளிலிருந்து நான் அந்தப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன், பால் வாங்கக்கூடச் சுற்றிக்கொண்டு போனேன். காரணம் உனக்குத் தெரியும். நீ கணக்கர் வேலையை விட்டுவிட்டு இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறாய் என்று இந்தத் தெருவில் ஒருவருக்கும் நான் சொன்னதில்லை, முதலில் மேல்படிப்பு என்றேன், பிறகு பெரிய கம்பெனி என்றேன், போன வருஷம் யாரோ கேட்டபோது உனக்குப் பதவி உயர்வுகூடக் கொடுத்துவிட்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தவனுக்கு வீட்டு வாசலிலேயே பூசணித் தோட்டம் போட்டது போல வந்து சேர்ந்தது அந்தப் பள்ளி.

எதிர்வீட்டில் மருந்துக்கடை வைத்திருக்கும் அம்மாவைத் தெரியுமல்லவா, அவள் மகளை அங்கே சேர்க்க ஆசை, ஆனால் பயம். என்னிடம் வந்தாள். "மாடியேறுற இடத்துல மூணு வாத்தியார் படம் மாட்டி, கீழ அவங்கவங்க பின்னணி எழுதி வச்சிருக்காங்க சார், எழுதினது நெசமான்னு நீங்க ஒரு தடவ பார்த்துச் சொல்லணும், பொம்பளப் புள்ள பாருங்க" என்றாள். முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில் வேலைக்கு எடுக்கும் ஆட்களின் பின்னணியை விசாரித்து அறிக்கை கொடுத்தவனிடம், ஆபீஸே பூதக்கண்ணாடி என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டவனிடம், ஓய்வு பெற்று எட்டு வருஷம் யாரும் எதுவும் கேட்காமல் கிடந்தவனிடம் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும். சலவைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். உன் அம்மா வாசலில் நின்று "அவங்களையே போய்க் கேளுங்களேன், தெருமுனையிலதானே இருக்காங்க" என்றாள். எங்கள் வேலையின் முதல் விதி அதற்கு நேர் எதிர், ஆளைக் கேட்கக் கூடாது, ஆளைத் தவிர எல்லோரையும் கேட்க வேண்டும், ஆள் தன்னைப் பற்றி நல்லதுதான் சொல்வான். அதை அவளுக்கு விளக்கி, உனக்கென்ன தெரியும் என்றும் சொல்லிவிட்டுப் போனேன்.

முதல் படத்தில் இருந்தவர் பள்ளியின் தலைவர், பழைய லிஃப்ட் மெக்கானிக், வேலையில் விழுந்து முதுகு ஒடிந்து ஒரு வருஷம் ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தவர். இரண்டாவது ஒரு பெண், இரண்டு பிள்ளைகளுக்குத் தாய், ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள். இரண்டும் ஒரே ஆஸ்பத்திரி, அது என் குறிப்பிலேயே இருந்தது, என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் அதற்குள் என் மனசு முழுக்க மூன்றாவது படத்தில் இருந்தது. மூன்றாமவர் வேன் ஓட்டியவர், அதற்குப் பிறகு ஆறு வருஷம் எதுவுமே எழுதவில்லை, ஆறு வருஷம் கழித்து இங்கே ஆசிரியர். இடைவெளி கிடைத்தால் எங்கள் ஆட்களுக்கு இனிப்புக் கிடைத்த மாதிரி. அவர் பழைய முதலாளியைத் தேடிப் போனேன், பழைய வீட்டுக்காரரைக் கேட்டேன், பள்ளிக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் இரண்டு நாள் நின்று அவர் வருவதையும் போவதையும் பார்த்தேன். முதலாளி சொன்னது இவ்வளவுதான், "போலீஸ் வந்துச்சு, கூட்டிட்டுப் போனாங்க, உள்ள இருந்தான்னு பேச்சு, அப்புறம் நான் ஆளையே பாக்கல." அதோடு அவருடைய காது இரண்டும் நசுங்கி, மாவு உருட்டி ஒட்டினது மாதிரி இருந்தது, அதையும் எழுதிக்கொண்டேன்.

அறிக்கையை நானே டைப் அடித்தேன், பழைய வாசகங்கள் விரலுக்கு மறக்கவில்லை. "ஆறு ஆண்டுகள் சிறையிலிருந்ததாகத் தெரிய வருகிறது. இரு காதுகளிலும் பழைய காயங்கள் காணப்படுவதால் அடிதடிகளில் ஈடுபட்டவர் எனக் கருத இடமுண்டு." தெரிய வருகிறது என்பது ரொம்ப வசதியான சொல், யாருக்குத் தெரிந்தது, எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்பதில்லை, முப்பத்தொரு வருஷத்தில் எத்தனை பேருக்கு அந்தச் சொல்லால் வேலை கிடைக்காமல் போனதோ, இப்போது அதை நினைக்கவே பயமாக இருக்கிறது. மருந்துக்கடை அம்மா அதைப் போனில் படம் பிடித்து, பிள்ளைகளை ஏற்கெனவே அங்கே அனுப்பிக்கொண்டிருந்த பெற்றோருக்கு அனுப்பினாள். பத்தொன்பது பிள்ளைகளில் பதினோரு பேர் ஒரே வாரத்தில் நின்றுவிட்டார்கள். நான் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர்கள் போகிறவர்கள் "நல்ல வேளை சார், சொன்னீங்க" என்று சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பெருமையாக இருந்தது, அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் அந்தச் சலவைக்கூடத்துப் பெண் வீட்டுக்கு வந்தாள். சண்டை போடவில்லை, உள்ளேகூட வரவில்லை, படியில் நின்றபடியே சொன்னாள். அந்தப் பள்ளியில் ஒரு வழக்கம் இருக்கிறதாம், பிள்ளையைச் சேர்க்கிற சனிக்கிழமை பெற்றோரை மேட் என்கிற பயிற்சி மெத்தையின் மேல் செருப்பில்லாமல் உட்கார வைத்து, மூன்று ஆசிரியர்களும் தங்கள் கதையைத் தங்கள் வாயால் சொல்வார்களாம், பிறகு பெற்றோரும் தாங்கள் யார் என்று சொல்ல வேண்டுமாம், ஒருவர் பிள்ளையின் கழுத்தில் இன்னொருவர் கை போடப் போகிற இடத்தில் தெரியாத ஆள் என்று யாரும் இருக்கக் கூடாதாம். மூன்றாமவர் தன் கதையைப் பலகையில் எழுத வேண்டாம் என்று சொன்னதே அதனால்தான், "எழுதினா படிச்சிட்டுப் போயிடுவாங்க, கேக்க மாட்டாங்க" என்றாராம். அவர் வேன் ஒரு சைக்கிள்காரரை இடித்துவிட்டது, அந்த மனிதர் பிழைக்கவில்லை, தப்பு என் மேல்தான் என்று கோர்ட்டில் சொல்லி இரண்டு வருஷம் சிறையில் இருந்தார். மீதி நாலு வருஷம் அதே ஆஸ்பத்திரியில் எழுந்து நடக்க முடியாதவர்களைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தூக்கி வைக்கிற வேலை. அப்படித் தூக்கப்பட்டவர்களில் ஒருவர்தான் அந்த லிஃப்ட் மெக்கானிக், ஏற்கெனவே கறுப்பு பெல்ட், படுத்தபடியே இவருக்குப் பிடி சொல்லிக்கொடுத்தாராம், எங்கே கை கொடுத்தால் கனமான உடம்பும் வலிக்காமல் புரளும் என்று. போர்வை மாற்ற வந்த இந்தப் பெண்ணும் நின்று பார்த்துக் கற்றுக்கொண்டாளாம். பள்ளி பிறந்ததே அந்த வார்டில்தான். இது அத்தனையும் அந்தப் பத்தொன்பது வீட்டாருக்கும் முன்பே தெரியும், தெரிந்துதான் பிள்ளைகளை விட்டிருந்தார்கள். இரண்டு வருஷம் என்று அவர் சொன்னார், ஆறு வருஷம் என்று என் காகிதம் சொன்னது, காகிதத்தை நம்பினார்கள், உண்மை சொன்ன மனிதரை நான் பொய்யராக்கிவிட்டேன். "அவரு இப்ப கிளாஸ் எடுக்கறதில்லீங்க. புள்ளைங்க போன பிறகு வந்து மேட்ட மட்டும் தொடச்சிட்டுப் போறாரு. உங்களுக்குத் தெரியணும்னுதான் வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். உன் அம்மா சமையலறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டாள்.

மறுநாளே திருத்தம் எழுதிக்கொண்டு பதினோரு வீட்டுக்கும் நடந்தேன், முழங்காலை யார் கேட்டார்கள். நாலு வீட்டில் கதவைத் திறந்து கேட்டார்கள், மற்றவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஒருவர் "எதுக்கு சார் ரிஸ்க்கு" என்றார், நான் மூட்டின தீ, என் ஒரு குடம் தண்ணீருக்கா அடங்கும். பிறகு மாடியேறினேன். மூன்றாமவர் மேட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், நான் யார் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் அவரே, "தெரியுங்க. ரெண்டு நாள் எதிர்க்கடையில நின்னீங்க. மேல வருவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்" என்றார். காலில் விழலாம் போல இருந்தது. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை, சனிக்கிழமை வந்து மற்றவர்களைப் போல உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார்.

போனேன், அம்மாவையும் அழைத்துக்கொண்டு. நாலு பெற்றோர் வந்திருந்தார்கள், மருந்துக்கடை அம்மாவும் தலையைக் குனிந்துகொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். மூன்று பேரும் தங்கள் கதையைச் சொன்னார்கள், மூன்றாமவர் அந்தச் சைக்கிள்காரரின் வயதையும் சொன்னார். என் முறை வந்தது. செய்த வேலையைச் சொன்னேன், அவருக்குச் செய்ததைச் சொன்னேன். பிள்ளைகள் எத்தனை, என்ன செய்கிறார்கள் என்று தலைவர் கேட்டார். ஒன்பது வருஷமாகச் சொல்லாததைச் சொன்னேன், என் மகள் ஜியு-ஜிட்சு சொல்லிக்கொடுக்கிறாள் என்று. மூன்று பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது, என்ன பெல்ட் என்று மூன்றாமவர்தான் கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவருடைய பழைய வீட்டுக்காரர் எந்தக் கடையில் டீ குடிக்கிறார் என்பதுவரை தெரிந்த எனக்கு என் மகளின் பெல்ட் என்ன நிறம் என்று தெரியவில்லை. பக்கத்திலிருந்து அம்மாதான் மெதுவாக, "கறுப்பு. போன வருஷம் வாங்கினா" என்றாள். அந்தச் சலவைக்கூடத்துப் பெண் உன் பெயரைக் கேட்டு, உடனே தன் போனில் உன் பள்ளியைத் தேடி, ஆசிரியர்கள் பின்னணி என்ற பக்கத்தைக் காட்டினாள். நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் இடது காது நசுங்கி, மாவு உருட்டி ஒட்டினது மாதிரி இருந்தது. இந்த வித்தையில் மேட்டில் தேய்ந்து தேய்ந்து எல்லோருக்கும் இப்படி ஆகும் என்று மூன்றாமவர் எனக்குச் சமாதானம் சொன்னார், நான் அடிதடி என்று எழுதினேனே, அந்தக் காதோடு அவர் சொன்னார்.

படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்தேன். நாலு வருஷம் கணக்கர், ஏழு வருஷமாக இந்தப் பள்ளியில். கூட்டிப் பார்க்கிற பழக்கம் போகாதே, நீ கணக்கர் வேலையில் சேர்ந்து பதின்மூன்று வருஷம், நடுவில் இரண்டு வருஷம் இல்லை. அந்த இரண்டு வருஷம் எங்கே ஆரம்பிக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ வேலையை விட்டதும் உன் வீட்டுக்கார அம்மாவுக்கு நான் ஒரு கடிதம் எழுதினேன், கீழ்க்கண்ட நபரின் நடத்தை, பழக்கவழக்கம், வந்து போவோர் விவரம் தெரிவிக்கவும் என்று, தொழிற்சாலைக் காகித வாசகத்தில். கீழே அப்பா என்று போடவில்லை, விசாரணை அலுவலர் என்று போட்டேன். அப்படிப் போட்டால்தான் பதில் வரும் என்று நினைத்தேன். பதில் வந்தது, அந்த நபர் அறையைக் காலி செய்துவிட்டார் என்று ஒரு வரி. நீயாகக் காலி செய்தாய் என்று இத்தனை வருஷம் நம்பிக்கொண்டேன், அப்படி நம்பினால்தான் தூக்கம் வந்தது. அந்த அம்மா பயந்துபோய் உன்னை வெளியே அனுப்பினாள், கையெழுத்தைப் பார்த்து நீ என்னைக் கண்டுகொண்டாய், அதனால்தான் என்னோடு பேசுவதில்லை, சரிதானே. அந்தக் கடிதத்துக்காக வெட்கப்படுகிறேன், உன் வேலைக்காக வெட்கப்பட்டதற்கு அதைவிட அதிகமாக வெட்கப்படுகிறேன்.

நேற்று மருந்துக்கடைக்குப் போய், கேட்காமலே உன் வேலையைச் சொல்லிவிட்டு வந்தேன், தெரு முழுக்கப் பரவியிருக்கும், இதாவது பரவட்டும். மூன்றாமவரிடம் போன வாரம் ஏழு பிள்ளைகள் திரும்பி வந்து சேர்ந்திருக்கிறார்கள், வகுப்பும் எடுக்கிறார், மருந்துக்கடை அம்மாவின் மகளும் போகிறாள். நாலு பேர் வரவே இல்லை. உன் காதைப் பார்த்துக்கொள், அதற்குக் கவசம் இருக்கிறதாமே, போட்டுக்கொள், உன் முழங்காலும் என் வம்சத்து முழங்கால்தான், ஜாக்கிரதை. நீ நூறு வருஷம் திடமாக இருக்க வேண்டும், உன்னிடம் கற்றுக்கொள்கிற பிள்ளைகள் ஒருவரும் அடிபடாமல் வீடு போய்ச் சேர வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதத்துக்கு இன்னும் மதிப்பு இருந்தால் எடுத்துக்கொள்.

அந்த இரண்டு வருஷம் அம்மாவுக்குத் தெரியும் என்று அவள் முகத்தைப் பார்த்தே கண்டுகொண்டேன். அவளிடம் கேட்க மாட்டேன், அண்ணனிடமும் கேட்க மாட்டேன். உன்னிடமே கேட்கிறேன் சின்னவளே, அந்த இரண்டு வருஷம் எங்கே படுத்தாய், என்ன சாப்பிட்டாய். பதில் எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா