முளைக்காத பல்

ராத்தா,

நீங்கள் இல்லாத வீட்டில் உங்கள் அலுமாரியை ஒதுக்கும்போது பாக்குவெட்டி கையில் தட்டுப்பட்டது. துரு மணம். எறியப் போனவள், எறியாமல் மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

உங்கள் மகள் றிப்கா பிறந்த அன்று தங்கச்சி நான் உங்கள் பக்கத்தில்தான் நின்றேன். இரண்டு கையிலும் நடுவிரல் இல்லை, உள்ளங்கை பாதிவரை பிளந்திருந்தது. தோல் காய்ந்து உரிந்தது. உங்கள் மாமி, மச்சானின் உம்மா, பிள்ளையைத் தொடவே இல்லை. "கிரகணத்துக்க இவள் பாக்கு வெட்டினவள். அதான் புள்ளையிட கை பிளந்திருக்கு" என்று கல்முனைக்குடி முழுக்கச் சொல்லித் திரிந்தார். தாய்வழியில் குடி பார்க்கிற ஊர் அல்லவா, பழியையும் தாய்வழியிலேயே தேடினார்கள். நம் உம்மாவின் குடியில் யாருக்கு என்ன குறை என்று துருவித் துருவி விசாரித்தார்கள். பிள்ளையின் வாப்பா, உங்கள் மாப்பிள்ளையின் பக்கத்தை ஒருவரும் கேட்கவில்லை. மச்சான் உங்களை விட்டுவிட்டு இறக்காமம் போய் அங்கே வேறு கலியாணம் முடித்துக்கொண்டார்.

நீங்களும் அதை நம்பினீர்களே, அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். வியர்வையே வராத பிள்ளைக்கு வெயில் நேரத்தில் ஈரத்துணி போர்த்தியபடி, "எல்லாம் நான் செஞ்ச வேலை" என்பீர்கள். நான் சண்டைக்கு வந்தால், "உனக்கென்ன தெரியும், வெட்டினது நான்தானே" என்று வாயை அடைத்துவிடுவீர்கள்.

இப்போது றிப்கா முழுகாமல் இருக்கிறாள். கொழும்பில் பரம்பரை நோய் பார்க்கும் டொக்டர் அவளுடைய இரத்தத்தைச் சோதித்து, ஒரு பரம்பரையலகில், அதுதான் ஜீனில், பிழை இருக்கிறது, வாப்பாவையும் பார்க்க வேண்டும் என்றார். மச்சானை நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். இந்தப் பிழை கை, தோல், பல் மூன்றையும் தொடுமாம், வாயைத் திறக்கச் சொன்னார் டொக்டர். கட்டுப்பல் கழன்று வந்தது. சைக்கிளால் விழுந்து உடைந்தது என்று உங்களிடம் கதை விட்டாரே, அந்தப் பற்கள்.

"உடைஞ்சதா, முளைக்கவே இல்லையா?" என்று டொக்டர் கேட்டார்.

மச்சான் நிலத்தைப் பார்த்தார். "முளைக்கல்ல."

"வீட்டுல தெரியுமா?"

"ஓம். உம்மாக்குத் தெரியும்."

தெரிந்துகொண்டேதான் அந்த மனுசி ஊரெல்லாம் உங்கள் பாக்கைப் பற்றிக் கதைத்திருக்கிறார். பிறகு வந்த இரத்த முடிவும் அதையே சொன்னது. வாப்பாவுக்கும் மகளுக்கும் ஒரே பிழை. அவருக்குப் பல்லோடு நின்றுவிட்டது, பிள்ளைக்குக் கைவரை போயிருக்கிறது. வயிற்றில் இருப்பதற்கு வரலாம், வராமலும் போகலாம், பாதிக்குப் பாதி. உங்களில் பிழை இல்லை என்று மச்சானிடம் சொன்னேன். "மௌத்தானவட கதைய இனி எதுக்குக் கிளறுற?" என்றார். அவர் வாயில் பல் பளபளத்தது.

உங்கள் கடைசி நாளில் மகளுடைய பிளந்த கையைப் பிடித்துக்கொண்டு, "உம்மாக்கு மாப்புத் தா மகள்" என்று மன்னிப்புக் கேட்டீர்கள். "தந்துட்டன் உம்மா" என்றாள். நிம்மதியாகக் கண்ணை மூடினீர்கள். நல்ல மௌத்து என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம்.

முடிவு கேட்டுவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் றிப்கா கேட்டாளே, அது என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது ராத்தா.

"சாச்சி, செய்யாத குத்தத்துக்கு நான் உம்மாக்கு மாப்புக் குடுத்திருக்கன். அத எப்பிடித் திருப்பி எடுக்கிற?"